காலிப்பருக்கு வீட்டுலயே பெயிண்ட் அடிக்கலாம், ஆனா எங்க அடிக்கக்கூடாதுனு முதல்ல தெரிஞ்சுக்கங்க

அலாய் வீல் இருக்க கார்ல ஸ்போக் இடுக்கு வழியா உத்துப் பாத்தீங்கன்னா டிஸ்க்க கவ்விப் புடிச்ச மாதிரி துருப்புடிச்ச ஒரு இரும்புக் கட்டி தெரியும், பிரேக் பேட டிஸ்க்குல அழுத்திப் புடிக்கற அந்த பாகம்தான் காலிப்பர். நிறைய வண்டில இது காஸ்ட் அயர்ன், கம்பெனில இருந்து வரும்போதே மேல பெருசா எந்த பூச்சும் இருக்காது, அதனால ரெண்டு மழை பாத்தாலே பழுப்பாயிடும். வண்டி என்னதான் பளபளன்னு இருந்தாலும் சக்கரத்துக்குள்ள அது மட்டும் பழைய சாமான் மாதிரி தெரியும்.

இத வீட்டுலயே பண்ணலாம், நான் என் வண்டிக்கும் தெரிஞ்சவங்க வண்டிக்கும் பண்ணிருக்கேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், பெயிண்ட் அடிச்சா பிரேக் நல்லா புடிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பாக்க நல்லா இருக்கும், துரு தள்ளிப்போகும், அவ்ளோதான். ஆனா தப்பா அடிச்சா பிரேக் கெட்டுப்போக வாய்ப்பு நிச்சயமா இருக்கு. அதனால கலர் என்னன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த எடத்துல ஒரு சொட்டு கூட படக்கூடாதுங்கறத மனசுல வாங்கிக்கங்க, கீழ அத விலாவாரியா எழுதிருக்கேன்.

முதல்ல பெயிண்ட். சாதா ஸ்ப்ரே கேன் வாங்கி அடிக்காதீங்க. நான் முதல் தடவ அதான் பண்ணேன், அடிச்ச அன்னைக்கு சூப்பரா இருந்துச்சு, ஒரு மலை ரோட்டுல எறங்கி வந்ததும் கருகுன வாசன, அப்பறம் அங்கங்க கொப்பளம், கொஞ்ச நாள்ல பாளம் பாளமா உரிஞ்சு வந்துருச்சு. பிரேக் அடிக்கும்போது வண்டியோட வேகம் முழுசும் சூடா மாறுது, தொடர்ந்து அழுத்திப் புடிச்சா டிஸ்க்கு 300, 400 டிகிரி வரைக்கும் கூட போகும். காலிப்பர் அந்த அளவுக்கு சூடாகாது, ஆனாலும் சாதா பெயிண்ட் தாங்கற சூடு இல்ல. சூடு ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே கிளைகால் வகை, சாதா பெயிண்ட்டு மேல பட்டா அப்படியே கரைச்சு எடுத்துரும். அதனால டப்பால காலிப்பருக்குனே போட்ருக்கணும், குறைஞ்சது 250 டிகிரி தாங்கும்னு இருக்கணும், பிரேக் ஆயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னும் எழுதிருக்கணும்.

சைலன்சருக்கு அடிக்கற பெயிண்ட் 600 டிகிரிக்கு மேலயே தாங்குமே, அத அடிச்சா என்னன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்த வகை பெயிண்ட் முழுசா இறுகறதுக்கே நல்ல சூடு வேணும், சைலன்சர்ல அது தானா கெடைச்சுரும், காலிப்பர் தினசரி ஓட்டத்துல அந்த சூட்டுக்கு ஒரே சீரா போறதில்ல. அதனால பெயிண்ட் அரவேக்காடாவே நின்னுரும், நகத்தால கீறினா வரும், கிளீனர் பட்டா கரையும். சூடு தாங்கறது மட்டும் கணக்கு இல்லைங்க.

ஸ்ப்ரேவா பிரஷ்ஷான்னு கேட்டா நான் பிரஷ்தான் சொல்லுவேன். ரெண்டு டப்பாவா வரும், ஒண்ணு பெயிண்ட் இன்னொண்ணு அத இறுக வைக்கற ஹார்ட்னர், கலந்து பிரஷ்ல பூசறது, எபாக்ஸி வகை. கெட்டியா உக்காரும், தானா சமமாயிடும்கறதால பிரஷ் கோடு அவ்வளவா தெரியாது, முக்கியமா சுத்தி இருக்க எதுலயும் பறந்து போய் படாது. ஸ்ப்ரேன்னா காலிப்பர சுத்தி டிஸ்க், ரப்பர், சஸ்பென்ஷன், பெண்டர் உள்பக்கம்னு எல்லாத்தையும் மூடியாகணும், மூடறதுக்கே அரை நாள் போயிரும். காலிப்பர மொத்தமா கழட்டி மேசை மேல வெச்சு அடிக்கறவங்களுக்கு ஸ்ப்ரே நல்லது. ஹார்ட்னர் கேன்லயே இருக்கற டூ கே ஸ்ப்ரேன்னா அதுல ஐசோசயனேட்ங்கற நுரையீரலுக்கு ஆகாத கெமிக்கல் இருக்கும், துணி மாஸ்க் அதுக்கு பத்தவே பத்தாது, அதுக்கேத்த கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேணும், அது இல்லன்னா அந்த கேன தொடாதீங்க.

கலர் உங்க இஷ்டம். இருந்தாலும் என் கருத்த சொல்றேன், டார்க் கிரே, கறுப்பு, சிகப்பு இதெல்லாம் வருசக்கணக்குல நல்லா இருக்கும். வெள்ள, வெளிர் மஞ்ச எல்லாம் முதல் வாரம் அழகா இருக்கும், பேட்ல இருந்து வர்ற தூசில இரும்புத் துகள் இருக்கறதால அது ஒட்டி அப்பறம் துருவாகி புள்ளி புள்ளியா நிக்கும். போர்ஷே கார்ல மஞ்ச காலிப்பர் இருந்தா அது செராமிக் டிஸ்க் போட்டதுன்னு அர்த்தம், அங்க கலரே ஒரு அடையாளம். சின்ன ஒத்த பிஸ்டன் காலிப்பர்ல பெரிய ரேஸ் கம்பெனி பேர ஸ்டிக்கரா ஒட்றது எனக்குப் புடிக்காது, சுத்தமா அடிச்ச ஒரு கலரே போதும். ஸ்டிக்கர் வேணும்னா சூடு தாங்கற ஸ்டிக்கரா வாங்கி, மேல பெயிண்ட் வாங்குன அதே கம்பெனி கிளியர் கோட் போடுங்க.

சாமான் என்னென்னன்னா, ஜாக்கி, அதோட கண்டிப்பா ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அணை குடுக்க கட்டை, வீல் ஸ்பேனர், போல்ட்ட சரியான அளவுக்கு அளந்து டைட் வைக்கற டார்க் ரெஞ்ச், பெருசும் சிறுசுமா வயர் பிரஷ், பழைய டூத் பிரஷ், உப்புத்தாள் 80ல இருந்து 240 வரைக்கும், டிகிரீசர், ரெண்டு கேன் பிரேக் கிளீனர், நூல் விடாத துணி, நல்ல மாஸ்கிங் டேப், பழைய பேப்பர், நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க். பிரஷ்ஷ மட்டும் கொஞ்சம் நல்லதா வாங்குங்க, மட்டமான பிரஷ்ல முடி உதிர்ந்து பெயிண்ட்லயே ஒட்டிக்கிட்டு உயிர எடுக்கும்.

நாலு சக்கரமும் ஒரே நாள்ல முடிச்சரலாம்னு கணக்கு போடாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு அச்சு, அதாவது முன்னாடி ரெண்டு இல்ல பின்னாடி ரெண்டு, அதான் நிதானம். வண்டி ராத்திரி முழுக்க ஸ்டாண்டு மேலயே நிக்கற மாதிரி எடம் பாத்துக்கங்க. மழை நாள்லயும் நேர் வெயில்லயும் வேண்டாம், 15ல இருந்து 30 டிகிரிக்குள்ள, நெழல்ல, காத்தோட்டம் இருக்கற எடத்துல. ஈரப்பதம் ரொம்ப அதிகமா இருந்தா பெயிண்ட் மங்கலா வெளுத்துப் போகும். வண்டிய இப்பதான் ஓட்டிட்டு வந்திருந்தா ரெண்டு மணி நேரமாவது ஆற விடுங்க.

இப்ப வண்டிய தூக்கறது. சமதளமான கெட்டித் தரைல நிறுத்தி, தூக்காத பக்க சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வெச்சு, வீல் நட்ட சக்கரம் தரைல இருக்கும்போதே கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு, அப்பறம் வண்டி மேனுவல்ல காட்டிருக்க எடத்துல ஜாக்கி போட்டு தூக்கி ஸ்டாண்ட் வெச்சு எறக்குங்க. வெறும் ஜாக்கில நிக்கற வண்டில ஒரு நிமிசம் கூட வேலை பாக்காதீங்க, ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கி நிக்கறதுக்கு இல்ல. ஸ்டாண்ட் வெச்சதும் வண்டிய கையால ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, அசையக்கூடாது. கழட்டுன சக்கரத்த வண்டி அடில படுக்கப் போட்டு வைக்கறது என் பழக்கம், ஒருவேள ஏதாவது நழுவினாலும் வண்டி தரைக்கு வராது.

அடுத்து காலிப்பர கழட்டணுமா வேண்டாமாங்கறது. மூணு வழி இருக்கு. மொத்தமா கழட்டறதுன்னா பிரேக் ஆயில் வர்ற ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸ் கழட்டணும், ஆயில் கொட்டும், திருப்பி மாட்டும்போது புது காப்பர் வாஷர் போட்டு பிரேக் லைன்ல புகுந்த ஏர் எடுக்கணும், பிரேக் வேலை தெரியாதவங்க இதுல எறங்கவே வேண்டாம். ரெண்டாவது, ஹோஸ் அப்படியே இருக்க, காலிப்பர் நகர்றதுக்குன்னு இருக்க ஸ்லைட் பின்னோட போல்ட் ரெண்டையும் கழட்டி காலிப்பர மட்டும் தனியா எடுத்து கம்பியால ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடறது. இதுல மூலை முடுக்கெல்லாம் கைக்கு வரும், ஆனா காலிப்பரோட வெயிட்டு ஹோஸ்ல தொங்கவே கூடாது, ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியாது. இன்னொண்ணு, காலிப்பர் வெளிய இருக்கும்போது யாரும் பிரேக் பெடல மிதிச்சிரக்கூடாது, மிதிச்சா பேட தள்ளற பிஸ்டன் வெளிய வந்து விழுந்துரும், வீட்டுல கொழந்தைங்க இருந்தா கார் கதவ பூட்டி வைங்க. மூணாவது, எதையுமே கழட்டாம இருந்த எடத்துலயே வெச்சு பிரஷ்ல அடிக்கறது. முதல் தடவ பண்றவங்களுக்கு மூணாவதுதான் சரி, வெளிய தெரியற பக்கம் எல்லாம் அதுலயே கவர் ஆயிடும். ஸ்டியரிங்க திருப்பினீங்கன்னா முன் காலிப்பரோட பின்பக்கமும் கைக்கு எட்டும்.

பின்னாடி காலிப்பர் விஷயத்துல கவனம். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருக்க வண்டில காலிப்பர கழட்டறதா இருந்தா முதல்ல பிரேக் மோட்டார் பிஸ்டன விட்டுக் குடுக்கற சர்வீஸ் மோடு போட்டாகணும். ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பர்லயே வர்ற வண்டில நிறையதுல பிஸ்டன நேரா அமுக்க முடியாது, திருகித்தான் உள்ள அனுப்பணும், அமுக்குனா உள்ள இருக்க மெக்கானிசம் போயிரும். இதுக்காகவே பின்னாடி நான் கழட்டறதே இல்ல.

இப்ப சுத்தம் பண்றது. மொத்த வேலைல முக்கால்வாசி இதுதான், பெயிண்ட் பூசறதெல்லாம் காலிப்பருக்கு பத்து நிமிசம். அழுக்கு மேல அடிச்ச பெயிண்ட் எவ்ளோ நல்லதா இருந்தாலும் அழுக்கோட சேந்து உரிஞ்சு வந்துரும்.

பிரேக் தூசிய ஏர் புடிச்சு ஊதாதீங்க, வாயாலயும் ஊதாதீங்க. பழைய பேட்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கு, இப்ப வர்றதுலயும் நுரையீரலுக்கு ஆகாத நுண்தூசிதான். முதல்ல டிகிரீசர் இல்ல சோப்புத் தண்ணி ஊத்தி நனைச்சு பிரஷ்ல தேச்சு, தண்ணில அலசி காய விடுங்க. காஞ்சதும் வயர் பிரஷ் எடுத்து துருவ தேய்க்கணும், சும்மா மேலாப்புல இல்ல, பொருக்கு பொருக்கா நிக்கற துரு எல்லாம் உதிர்ற வரைக்கும். ட்ரில்ல வயர் கப் மாட்டியும் தேய்க்கலாம், வேகமா முடியும், ஆனா ரப்பர் பூட் கிட்ட போனா ஒரு செகண்ட்ல கிழிச்சிரும், அந்த எடமெல்லாம் கையாலயே தேய்ங்க. அப்பறம் 80ல ஆரம்பிச்சு 120, கடைசியா 240 உப்புத்தாள். பளபளன்னு வழவழப்பா ஆக்கணும்னு இல்ல, லேசா சொரசொரப்பு இருந்தாதான் பெயிண்ட் புடிக்கும், ஆழமா உக்காந்த துருப் புள்ளி ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்ல, தட்டுனா உதிர்ற துரு மட்டும் இருக்கக்கூடாது. ஏற்கனவே பெயிண்ட் இருந்தா உரியற எடத்த எல்லாம் எடுத்துட்டு, நல்லா புடிச்சிருக்கற ஓரத்த படி தெரியாம சரிவா தேச்சு விடுங்க.

அலுமினிய காலிப்பர்னா கதை வேற. அது சிகப்பா துருப்புடிக்காது, வெள்ளையா பூத்துப் போகும். சாதா ஸ்டீல் வயர் பிரஷ் அதுல போடாதீங்க, கோடு விழும், அதோட இரும்புத் துகள் ஒட்டி நின்னு பின்னாடி அதுவே துருவாகும். நைலான் ஸ்கிரப் பேடும் நைஸ் உப்புத்தாளும் போதும்.

கடைசியா பிரேக் கிளீனர். கிளவுஸ், கண்ணாடி போட்டு, காலிப்பர் ஆறிப்போயிருக்கும்போது மட்டும், நல்லா நனையற மாதிரி அடிச்சு துணில தொடச்சு, திரும்ப அடிச்சு தொடச்சு, துணில கறுப்பு வராத வரைக்கும். பிரேக் கிளீனர்ல குளோரின் போட்ட வகை ஒண்ணு இருக்கு, அது ரொம்ப சூடான இரும்புலயோ நெருப்புலயோ பட்டா பாஸ்ஜீன்ங்கற விஷ வாயு வரும், குளோரின் இல்லாத வகை பக்குன்னு தீப்புடிக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் பக்கத்துல ஹீட்டர், சிகரெட், வெல்டிங் எதுவும் ஆகாது. கிளீனர் முழுசா ஆவியானதுக்கு அப்பறம் வெறும் கையால காலிப்பர தொடாதீங்க, விரல்ல இருக்க எண்ணெய் பசையே போதும், அந்த எடத்துல பெயிண்ட் ஒட்டாது.

இப்ப மாஸ்கிங், நான் முதல்ல சொன்ன விஷயம் இதுதான், நிதானமா படிங்க.

பேட் உக்காந்து முன்ன பின்ன நகர்ற பள்ளம் இருக்கு பாருங்க, காலிப்பர தாங்கற பிராக்கெட்டுல ரெண்டு பக்கமும், சில வண்டில அதுல ஸ்டீல் கிளிப் இருக்கும், அங்க பெயிண்ட் படவே கூடாது. பெயிண்ட் கனம் கொஞ்சம் ஏறினாலே பேட் இறுகிக்கும், பிரேக் விட்டாலும் டிஸ்க்க உரசிக்கிட்டே இருக்கும், சூடேறும், பேட் ஒரு பக்கமா தேயும். தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டில இதுதான் ஆச்சு, ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு, கழட்டிப் பாத்தா பள்ளத்துல உக்கார்ற பேட் முனைல, அதான் பேட் காதுல செகப்பு பெயிண்ட், ஸ்குரூ டிரைவர் வெச்சு தட்டித்தான் பேட வெளிய எடுத்தோம்.

ஸ்லைட் பின்னும் அதோட ரப்பரும் அதே மாதிரி, காலிப்பர் நகர்றதே அந்த பின் மேலதான். பிஸ்டன், பிஸ்டன சுத்தி இருக்க டஸ்ட் பூட், பிரேக் ஹோஸ் எதுலயும் படக்கூடாது, பெயிண்ட்ல இருக்க சால்வென்ட் ரப்பர கெடுக்கும், இறுகுன பெயிண்ட் ரப்பர் மடங்கற எடத்துல வெடிப்பு விடும். ஏர் எடுக்கற நிப்பிள்ள அதோட மூடியயே மாட்டி டேப் சுத்துங்க, ஓட்டைல பெயிண்ட் போச்சுன்னா அடுத்த தடவ ஆயில் மாத்தும்போது மெக்கானிக் கஷ்டப்படுவாரு. ஏபிஎஸ் சென்சர், அதோட வயர், எல்லாம் மூடிருங்க. டிஸ்க்கோட உரசற பரப்ப சொல்லவே வேண்டாம், பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டுங்க.

நிறைய பேர் கோட்ட விடறது போல்ட் உக்கார்ற எடம். போல்ட் தலைக்கு அடில, பிராக்கெட் நக்கிள்ல, அதாவது சஸ்பென்ஷன்ல ஹப்ப தாங்கற பாகத்துல ஒட்டற முகத்துல, ஹப்புல சக்கரம் ஒக்கார்ற முகத்துல பெயிண்ட் இருந்தா, டைட் வெச்சப்ப சரியாத்தான் இருக்கும், ஓடி சூடாகி ஆறும்போது நடுவுல இருக்க பெயிண்ட் நசுங்கி போல்ட் தானா லூஸ் ஆயிடும். இரும்பும் இரும்பும் நேரா ஒட்டணும், நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது. டிஸ்க் நடுப்பகுதிக்கும் சேத்து கலர் அடிக்க ஆசப்படறவங்க சக்கரம் ஒட்டற அந்த வட்டத்த விட்டுட்டு ஓரத்துல மட்டும் அடிங்க.

பெயிண்ட் கலக்கும்போது டப்பால என்ன அளவு போட்ருக்கோ அதே அளவு. ஹார்ட்னர கூட போட்டா சீக்கிரம் காயும்னு நெனச்சு ஊத்தாதீங்க, அப்பறம் கடைசி வரைக்கும் பிசுபிசுப்பாவே நிக்கும் இல்லன்னா நொறுங்கிப் போகும். நிறைய கிட்ல மொத்த ஹார்ட்னரையும் மொத்த பெயிண்ட்லயும் ஊத்திக் கலக்கச் சொல்லிருப்பாங்க, அப்படி கலந்தா அன்னைக்கே தீத்தாகணும், மறுநாளைக்கு டப்பாவோட கல்லாயிடும். அதனால ரெண்டு நாளா பண்றவங்க தராசுலயோ அளவு கப்புலயோ பாதி பாதியா சரியா பிரிச்சு கலந்துக்கங்க.

முதல் கோட் மெல்லிசா, கீழ இருக்க இரும்பு அங்கங்க தெரிஞ்சாலும் பரவால்லன்னு அடிங்க. ஒரே கோட்ல மூடணும்னு பிரஷ் நெறைய மொண்டு அப்புனா கீழ வழிஞ்சு சொட்டா நிக்கும், உள்ள காயவும் செய்யாது. முதல்ல சந்து பொந்து, எழுத்து பொறிச்ச எடம், அப்பறம் ஓரம், கடைசியா பெரிய பரப்புன்னு போங்க. ரெண்டாவது கோட் எப்பங்கறத டப்பா பாத்துதான் முடிவு பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஸ்ப்ரேன்னா 20ல இருந்து 25 சென்டிமீட்டர் தள்ளிப் புடிச்சு, கைய நிறுத்தாம நகத்திக்கிட்டே அடிங்க, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவா பத்து பதினஞ்சு நிமிசம். சில ஸ்ப்ரேல ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லா கோட்டும் முடிச்சிரணும், விட்டா சில நாள் கழிச்சுதான் அடுத்தது அடிக்கணும்னு போட்ருப்பாங்க, அத மீறி நடுவுல அடிச்சா மேல் கோட் கீழ் கோட்ட இளக்கி சுருக்கம் சுருக்கமா வந்துரும், மறுபடி மொத்தமா தேய்க்கற வேலை. ரெண்டு இல்ல மூணு கோட் போதும், கனமா ஏத்தறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

டேப்ப பெயிண்ட் முழுசா காயறதுக்கு முன்னாடி, தொட்டா ஒட்டாத பதத்துல மெதுவா உரிங்க. முழுசா இறுகுனப்பறம் உரிச்சா ஓரம் பிச்சுக்கிட்டு வரும், அப்ப பிளேடால கோடு கீறிட்டு எடுக்கணும். அப்பறம் ராத்திரி முழுக்க விட்ருங்க, 24 மணி நேரம் ஆனதும் சக்கரம் மாட்டலாம். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா உள்ளுக்குள்ள முழுசா இறுக நிறைய பெயிண்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் பிரஷர் வாஷ் வேண்டாம், கெமிக்கல் கிளீனர் வேண்டாம்.

மாட்டறதுக்கு முன்னாடி டிஸ்க் ரெண்டு பக்கமும் பிரேக் கிளீனர் அடிச்சு தொடைங்க. பேட்ல பெயிண்ட்டோ எண்ணெயோ பட்ருந்தா தேச்சு பாக்கலாம்னு இருக்காதீங்க, அந்த அச்சுல இருக்க பேட் செட்ட மாத்திருங்க. காலிப்பர கழட்டிருந்தா ஸ்லைட் பின்ன தொடச்சு அதுக்குன்னே இருக்க சிலிகான் கிரீஸ் லேசா தடவி, போல்ட்ட டார்க் ரெஞ்ச்ல வண்டி மேனுவல்ல போட்ட அளவுக்கு டைட் வைங்க, கை கணக்கு வேண்டாம். சக்கரத்த மாட்டி கையால சுத்திப் பாருங்க, ஸ்போக் காலிப்பர்ல எங்கயாவது உரசுதான்னு தெரியும். வீல் நட்ட நட்சத்திர வடிவுல, எதிரெதிரா டைட் வைக்கணும், நிறைய கார்கள்ல 100ல இருந்து 140 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டிக்கு சரியான நம்பர் மேனுவல்ல இருக்கு.

வண்டிய நகத்தறதுக்கு முன்னாடி பிரேக் பெடல மிதிங்க. காலிப்பர கழட்டறப்ப பிஸ்டன உள்ள தள்ளிருப்பீங்க, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், முதல் மிதி ஒண்ணுமே புடிக்காம அடி வரைக்கும் போகும். அஞ்சாறு தடவ மிதிச்சு பெடல் கல்லு மாதிரி ஆனதுக்கு அப்பறம்தான் கியர் போடணும். இத மறந்து ரிவர்ஸ் எடுத்தீங்கன்னா செவுத்துலதான் போய் நிக்கும். பிஸ்டன தள்ளுனப்ப பிரேக் ஆயில் டப்பால லெவல் ஏறி வழிஞ்சிருக்கான்னும் பானெட் தொறந்து பாத்துக்கங்க, பாடி பெயிண்ட்ல பட்ருந்தா உடனே நெறைய தண்ணி ஊத்தி கழுவுங்க, கிளைகால் தண்ணில கரைஞ்சிரும்.

முதல் ஓட்டம் ஆள் இல்லாத ரோட்டுல மெதுவா. லேசா பெயிண்ட் வாசன ஒரு நாள் ரெண்டு நாள் வரும், அது சாதாரணம், பொகை வந்தாலோ ஒரு சக்கரம் மட்டும் ரொம்ப சூடா இருந்தாலோ நிறுத்தி கழட்டிப் பாருங்க, பெரும்பாலும் பேட் பள்ளத்துல பெயிண்ட் போயிருக்கும். 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட் டைட்ட திரும்ப ஒரு தடவ டார்க் ரெஞ்ச்ல செக் பண்ணுங்க.

பின்னாடி டிரம் பிரேக் இருக்க வண்டின்னா முன்னாடி மட்டும் கலரா இருந்து பின்னாடி துருவா தெரியறது உறுத்தும், டிரம் வெளிப்பக்கத்தையும் அதே மாதிரி தேச்சு அதே பெயிண்ட்ல மெல்லிசா அடிச்சிரலாம், சக்கரம் ஒட்டற முகத்தையும் நடு ஓட்டையையும் மட்டும் விட்ருங்க. அந்த கலர் வேண்டாம்னா டிரம்முக்கு கறுப்பு எப்பவும் பொருந்தும்.

அப்பறம் பராமரிப்புக்குன்னு பெருசா எதுவும் இல்ல. வண்டி கழுவும்போது ஆறிப்போன காலிப்பர சாதா கார் ஷாம்பூவும் பிரஷ்ஷும் வெச்சு தேச்சு விடுங்க, ஆசிட் கலந்த வீல் கிளீனர் மட்டும் வேண்டாம். மிச்ச பெயிண்ட்ட ஹார்ட்னர் கலக்காம தனித்தனியா மூடி வெச்சிருந்தீங்கன்னா கல்லடி பட்டு சில்லு போன எடத்துல டச் அப் பண்ணிக்கலாம், பெயிண்ட் போன எடத்த அப்படியே விட்டா துரு அங்க இருந்துதான் பெயிண்ட்டுக்கு அடில பரவ ஆரம்பிக்கும், அதனால பாத்த அன்னைக்கே சின்னதா தேச்சு, தொடச்சு, ஒரு சொட்டு வெச்சிருங்க.